நெஞ்சறையிற் சிறைப்பட்ட காற்று

நுவரெலியாவில் வாழும் அன்பர் ஒருவர், கண்டிக்கு வந்த தம் உறவினர் கைவசம் எமக்கொரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். இப்பகுதியைப் பல்லாண்டுகளாகப் படித்து வருபவர் அவர். முன்னும் இரண்டொரு முறை நீரிழிவைப் பற்றியும், தம் துணைவியாரின் முழங்கால் வலியைப் பற்றியும் கேட்டெழுதியதுண்டு. இம்முறை அவருடைய கையெழுத்தே மாறியிருந்தது.

“பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் என் மகனுக்கு வலப்பக்கச் சுவாசப்பை சுருங்கிவிட்டதாம். நெஞ்சிலே துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டுமென்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். அவனோ எழுந்து உட்கார்ந்து பேசுகிறான். குழாய் வைத்தால் ஆயுள் முழுவதும் நோயாளியாகிவிடுவான் என்று இங்கே சொல்கிறார்கள். வீட்டுக்கு அழைத்து வந்து, குளிர்ந்த மலைக்காற்றில் சில நாள் ஓய்வெடுக்க வைத்தாற் போதாதா? இது சயரோகமா? அவனுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். தை மாதத்தில் அவளுக்கு விவாகம் பேசியிருக்கிறோம்.” இவ்வளவே கடிதம்.

கடைசி இரண்டு வாக்கியங்களுமே கடிதத்தின் உயிர் என்பதை வாசகர்கள் உணர்ந்திருப்பர். நாம் பதில் எழுத அமரவில்லை. உடனே தொலைபேசியில் அழைத்து, மகனை மலையேற்றிவிட வேண்டாம் என்றும், வைத்தியர் சொற்படி அன்றே குழாயை வைக்க இசைவளிக்குமாறும் கேட்டுக்கொண்டோம். உண்மையில் இசைய வேண்டியவர் தந்தையல்லர். இருபத்தொரு வயதான மகனே. ஆனால், நம் குடும்பங்களில் மகன் தந்தையின் சொல்லுக்குக் காத்திருப்பான். தந்தை ஊரின் சொல்லுக்குக் காத்திருப்பார். மறுநாட் காலை நாம் கண்டியில் வைத்தியசாலைக்குச் சென்றபோது குழாய் வைத்தாகிவிட்டது. தந்தையும் மகனும் இசைந்தபடியால், பெயரையும் அடையாளத்தையும் விலக்கி இதனை எழுதுகிறோம்.

நோய் வந்த விதத்தை இளைஞனே கூறினான். விடுதியறையிற் கட்டிலில் சாய்ந்தபடி பாடக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தானாம். ஓடவுமில்லை, பாரந் தூக்கவுமில்லை. திடீரென்று வலது தோளுக்குக் கீழே ஊசி குத்தினாற் போன்று ஒரு வலி; மூச்சை உள்ளிழுத்தபோது அது இன்னும் கூர்மையாயிற்று. அறைத் தோழர்கள் கூடி ஆராய்ந்து ‘வாய்வு’ என்று தீர்ப்பளித்தனர். இஞ்சி இடித்துச் சாறு கொடுத்தார்கள். முதுகில் தைலம் தேய்த்தார்கள். மறுநாள் ஒரு மருந்தகத்தில் வயிற்றெரிவுக்கான மாத்திரை கிடைத்தது. மூன்றாம் நாள் வலி குறைந்துவிடவே, தீர்ப்புச் சரியென்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால், பேராதனை வளாகம் மேடும் பள்ளமுமானது. விரிவுரை மண்டபத்துக்குச் செல்லும் படிகளில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. முன்பு அவற்றை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறியவன் அவன். நான்காம் நாள், பேசும்போதே வாக்கியத்தின் நடுவில் மூச்சு அறுந்தது. அப்போதுதான் தோழன் ஒருவன் அவனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நம் வீடுகளில் நெஞ்சிலே வலி என்றால் முதலில் வரும் பெயர் வாய்வு. இந்நோயில் அத்தீர்ப்பு ஒருவகையில் மெய்யே. குற்றவாளி வாயுதான், அது வயிற்றில் இல்லை, நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது. இஞ்சிச் சாறு அங்கே சென்று எதுவும் செய்யாது.

வலி குறைந்ததே அவ்விளைஞனை ஏமாற்றியது என்பதை இவ்விடத்தில் அழுத்திக் கூற வேண்டும். இந்நோயில் ஓரிரு நாளில் வலி தானே தணிந்துவிடுவதுண்டு. சுவாசப்பை மட்டும் சுருங்கியபடியே இருக்கும். வலி போயிற்று, நோயும் போயிற்று என்ற கணக்கு இங்கே செல்லாது.

இனி, சுவாசப்பை எவ்வாறு சுருங்குகிறது என்று பார்ப்போம். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர்கள் புடைமென்சவ்வு என்னும் சொல்லை அறிவர். சுவாசப்பையின் மேற்பரப்பை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தை இன்னொன்று போர்த்தியிருக்கிறது. இரண்டுக்குமிடையே சிறிதளவு நீர்மம் மாத்திரமே உண்டு. ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒட்டி வைத்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லுமேயன்றி எளிதிற் பிரியமாட்டா. இச்சவ்வுகளும் அவ்வாறே. சுவாசப்பையின் இயல்பு சுருங்க முயல்வது; அது ஊதிய பலூனைப் போன்றது. நெஞ்சுக்கூட்டின் இயல்போ வெளிநோக்கி விரிய முயல்வது. ஒன்று உள்ளே இழுக்க, மற்றொன்று வெளியே இழுக்க, நடுவில் உள்ள இடத்தின் அழுக்கம் வெளிக்காற்றின் அழுக்கத்தைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். இந்த இழுபறியினாலேதான் நம் சுவாசப்பைகள் பிறந்த நாள் முதல் விரிந்தபடி இருக்கின்றன.

இவ்விரு சவ்வுகளுள் எதிலேனும் ஒரு சிறு துளை விழுந்தாற் போதும். அழுக்கம் குறைந்த இடத்துக்குக் காற்று விரைந்து புகும், இழுபறி முடிந்துவிடும், சுவாசப்பை தன் இயல்பின்படி சுருங்கும். சுவாசப்பை அழுகிவிட்டது, செத்துவிட்டது என்றெல்லாம் மக்கள் எண்ணுவது தவறு. சூழ்ந்த காற்றை அகற்றிவிட்டால் அது மீண்டும் விரியும்.

உயரமும் மெலிவும் உடைய இளைஞரிடையே இது தானாகவே தோன்றுகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடத்திலேதான் மிகுதி. சுவாசப்பையின் நுனியில் சிறு சிறு கொப்புளங்கள் இருந்து, அவற்றுள் ஒன்று வெடித்துவிடுகிறது. உயர்ந்த உருவமுடையோரின் சுவாசப்பை நுனி கூடுதலாக இழுபடுவதே இதற்கொரு காரணம் என்பர். பிரித்தானியக் கணக்கொன்றின்படி, ஆண்டொன்றுக்கு ஓரிலட்சம் ஆண்களில் 18 முதல் 28 பேருக்கும், பெண்களில் 1 முதல் 6 பேருக்கும் இது வருகிறது. அரிதுதான். ஆனாலும், ஆயிரக்கணக்கான இளைஞர் கூடிப் பயிலும் ஒரு பல்கலைக்கழக ஊரில் கேள்விப்படாத அளவுக்கு அரிதன்று. எம்மைப் போன்றோர் பாரந் தூக்கியதனால் வந்திருக்கும், கிரிக்கெட் ஆடியதனால் வந்திருக்கும் என்று காரணம் தேடுவோம். பெரும்பாலும் அது, இவ்விளைஞனுக்கு நேர்ந்ததைப் போல, சும்மா இருக்கும்போதே வருகிறது.

வாட்டிலே வைத்தியர் நோயை அறிந்த முறையும் சுவையானது. அவர் இளைஞனின் நெஞ்சின்மேல் இடக்கை விரலை வைத்து, அதன்மேல் வலக்கை விரலால் தட்டினாராம். இடப்பக்கம் வழமையான ஒலி. வலப்பக்கம் மத்தளம் போன்று முழங்கியது. பின்னர்க் குழாயை வைத்துக் கேட்டபோது, முழங்கிய அதே பக்கம் மூச்சொலி இன்றி அமைதியாயிருந்தது. தட்டிப் பார்க்கும் இம்முறையை 1761இல் வெளியிட்டவர் வியன்னா நகரத்து வைத்தியர் அவுன்பிருக்கர். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவறிவதைச் சிறுவயதிற் கண்டதிலிருந்தே இக்கருத்து அவருக்குப் பிறந்தது என்று கூறுவர். நெஞ்சொலி கேட்கும் குழாயை 1816இல் அமைத்தவர் பிரான்சு நாட்டு லென்னெக். சுவாசப்பையைச் சூழ்ந்து காற்றுத் தேங்கும் இந்நோயின் குறிகளை 1819இல் வெளிவந்த தமது நூலில் விளக்கியவரும் அவரே. மத்தளம் போல முழங்குவது, ஆனால் மூச்சொலி கேட்காதது என்ற இரண்டும் சேர்ந்தால் எக்ஸ்ரே படம் வருமுன்னரே வைத்தியர் பாதி அறிந்துவிடுவார். படத்தில் சுவாசப்பையின் ஓரம் ஒரு மெல்லிய வெண்கோடாகத் தெரியும். அதற்கு வெளியே இரத்தக் குழாய்களின் வரிகள் ஒன்றுமின்றிக் கருமையாயிருக்கும். இளைஞன் தன் படத்தை எமக்கும் காட்டினான். வலப்பக்கச் சுவாசப்பை, உலர்த்தக் கிடந்த துணியை யாரோ மூலையிற் சுருட்டி வைத்தாற் போன்று நடுவெலும்புப் பக்கமாக ஒதுங்கியிருந்தது.

இனிக் குழாய். இதுவே அன்பரை அஞ்ச வைத்தது. ஆகையால் இதனைச் சற்று விரித்தே கூறுவோம்.

அக்குளுக்குக் கீழே, நெஞ்சின் பக்கவாட்டில், தோலை மரக்கச்செய்து, இரு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்துகிறார்கள். சுவாசப்பைக்குள் அது போவதில்லை. அதைச் சூழ்ந்த வெளிக்குள் மாத்திரமே போகிறது. குழாயின் மறுமுனை தரையில் வைத்த ஒரு போத்தலில், நீருக்குள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். நோயாளி மூச்சுவிடும்போதும் இருமும்போதும் நெஞ்சிற் சிறைப்பட்ட காற்று குழாய் வழியே வந்து நீரிற் குமிழியிட்டு வெளியேறும். மூச்சை உள்ளிழுக்கும்போது வெளிக்காற்றுத் திரும்பிப் போக முடியாது. நீர் வழியை அடைத்துக்கொள்கிறது. வெளியே போகலாம், உள்ளே வரலாகாது என்னும் இந்தக் காவலை நடத்த மின்சாரமும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம். ஜேர்மனியில் ஹம்பர்க் நகரத்து வைத்தியர் பியூலோ, நெஞ்சிற் சீழ் கட்டிய நோயாளருக்காக 1870களில் கையாண்டு, 1891இல் வெளியிட்ட முறை இது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் வாட்டுகளில் இதே தத்துவம் நடக்கிறது. இவ்வளவு எளிமையான பொருள் இவ்வளவு உயிர்களைக் காப்பது எமக்கு எப்போதும் வியப்பையே தருகிறது.

நாம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தபோது தந்தையார் நுவரெலியாவிலிருந்து வந்து சேர்ந்தார். மகனைக் கண்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை. தரையிலே கிடந்த போத்தலைப் பார்த்தார். மகனின் உடம்போடு தொடர்புடைய பொருள் எல்லோரும் நடக்கும் தரையிற் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். குனிந்து அதை எடுத்துக் கட்டிலின் பக்கத்து மேசைமீது வைக்கப் போனார். தாதியார் ஒருவர் ஓடி வந்து, அவர் கையிலிருந்து வாங்கி மீண்டும் கீழே வைத்தார். “ஐயா, இது எப்போதும் நெஞ்சைவிடக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே தூக்கினால் இந்த நீர் மகனின் நெஞ்சுக்குள் திரும்பிப் போய்விடும்” என்று அமைதியாகச் சொன்னார். அன்பர் நெடுநேரம் அந்தப் போத்தலைவிட்டுத் தள்ளியே அமர்ந்திருந்தார்.

வைத்தியசாலைக்கு நோயாளரைக் காணச் செல்லும் அனைவரும் இதை அறிந்திருத்தல் நன்று. போத்தலைத் தூக்கலாகாது, காலால் தட்டலாகாது, குழாய் மடிந்து கிடந்தால் தாதியரை அழைக்க வேண்டும். குமிழி வருகிறதே என்று அஞ்சி, யாரேனும் குழாயைப் பிடித்து அழுத்திவிடவும் கூடாது. குமிழி வருவது காற்று வெளியேறுகிறது என்பதன் அறிகுறி. போகும் வழியை அடைத்தால் நெஞ்சில் அழுக்கம் ஏறும். குழாயில் உள்ள நீர் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் நல்லதே. சுவாசப்பை முழுவதும் விரிந்து துளையும் மூடிக்கொண்டபின் குமிழி நின்றுவிடும்.

எல்லோருக்கும் குழாய் வேண்டுமா என்றால், வேண்டாம். சிறிதளவு காற்றே தேங்கி, மூச்சுத் திணறலும் இல்லையெனில், உடம்பே அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். நெஞ்சின் அப்பக்கக் கொள்ளளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இவ்வாறு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிலருக்கு ஊசியும் பிச்சுக்குழலும் கொண்டு காற்றை உறிஞ்சி எடுப்பதே போதும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 39 வைத்தியசாலைகளில் 316 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. முதன்முறை இந்நோய் கண்டு, காற்றும் கணிசமாகத் தேங்கியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குழாய் வைத்தார்கள். மறு பிரிவினரைக் கண்காணிப்பில் வைத்துக் காத்திருந்தார்கள். காத்திருந்தோருள் 85 வீதமானோருக்குக் குழாயே தேவைப்படவில்லை. எட்டுக் கிழமைகளின் பின், குழாய் வைத்தோருள் 98 வீதமானோருக்கும், காத்திருந்தோருள் 94 வீதமானோருக்கும் சுவாசப்பை விரிந்திருந்தது. அன்பரின் நெஞ்சில் எழுந்த கேள்வி, ‘எழுந்து உட்கார்ந்து பேசுகிறவனுக்குக் குழாய் எதற்கு?’ என்பது, மூடக் கேள்வி அன்று. உலகத்து வைத்தியரும் கேட்ட கேள்வியே. ஆனால், காத்திருந்தோர் மூச்சுத் திணறலும் நாடித் துடிப்பும் கட்டுக்குள் இருந்தவர்கள். வைத்தியரின் கண்பார்வையில் இருந்தவர்கள். இவ்விளைஞனோ வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதாமல் வந்தவன். இவனுக்குக் குழாய் வைத்ததே சரி.

மலைக்காற்று நல்லதென்ற எண்ணத்தையும் இங்கே ஆராய வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாகப் பேருந்து ஏறும்போது காதடைப்பது எல்லோரும் அறிந்ததே. வெளியழுக்கம் குறையக் குறைய அடைபட்ட காற்று விரியும் என்பது போயிலின் விதி; மாணவர்கள் இதனை ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். கண்டியில் நெஞ்சறையிற் சிறைப்பட்ட காற்று நுவரெலியாவை அடையும்போது ஆறிலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை பெருத்திருக்கும். ஏற்கெனவே சுருங்கிய சுவாசப்பையை அது இன்னும் நெருக்கும். வழியில் நிலைமை மோசமானால், றம்பொடை வளைவுகளில் யாரிடம் உதவி கேட்பது? இதனாலேயே மலையேற்ற வேண்டாம் என்றோம். ஆகாய விமானத்திலும் இதே கதை. விமானத்தின் உள்ளே இருக்கும் அழுக்கம் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரமான மலையில் உள்ளதற்குச் சமம். சுவாசப்பை முழுவதும் விரிந்துவிட்டதென எக்ஸ்ரே படம் உறுதிப்படுத்தி, அதன்பின் குறைந்தது ஒரு கிழமையாவது கடந்த பின்னரே விமானப் பயணம் என்பது பொதுவிதி. திருகோணமலையிலும் ஹிக்கடுவையிலும் காற்றுக் கலம் கட்டிக் கடலடிக்கு மூழ்கும் இளைஞர் உளர். இந்நோய் ஒருமுறை வந்தவர் அவ்விளையாட்டை ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டியதே. இரு பக்கமும் அறுவைச் சிகிச்சை செய்து, நிபுணர் இசைந்தாலன்றி அதற்கு இடமில்லை.

அடுத்தது, அன்பர் தாழ்ந்த குரலிற் கேட்ட கேள்வி: “இது சயரோகமா?”

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் சுவாசப்பை சுருங்கினாற் காரணம் சயரோகமே என்று வைத்தியரும் நம்பினர். நோயற்ற இளைஞருக்கும் இது வரும் என்பதை டென்மார்க் நாட்டு வைத்தியர் கியார்கோர்ட் 1932இல் தெளிவுபடுத்திய பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது. மேலும் ஒரு விந்தை: சயரோகத்துக்கு மருந்தில்லாத நாளில், வைத்தியர்கள் வேண்டுமென்றே நெஞ்சினுள் காற்றைச் செலுத்திச் சுவாசப்பையைச் சுருங்கச் செய்தார்கள். புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு கொடுத்தால் ஆறும் என்பது கருத்து. இத்தாலியரான ஃபோர்லானினி 1882இல் இதனை முன்மொழிந்தார். பின்னர் உலகெங்கும் சானட்டோரியங்களில் இது வழக்கமாயிற்று. உடம்பு காற்றை உறிஞ்சிவிடுமாகையால், சில நாட்களுக்கு அல்லது சில கிழமைகளுக்கு ஒருமுறை மீண்டும் காற்றேற்ற வேண்டும், இப்படியே ஆண்டுக்கணக்கில். நெஞ்சிலே ஊசி, நெஞ்சிலே காற்று, சானட்டோரியம், வீட்டைவிட்டு விலகியிருத்தல் ஆகிய நான்கும் நம் பாட்டன்மார் மனத்தில் ஒன்றாய்ப் பிணைந்துபோனதில் வியப்பில்லை. ‘குழாய் வைத்தால் ஆயுள் முழுவதும் நோயாளி’ என்ற ஊர்ப்பேச்சின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது எமது ஊகம்.

1943இல் ஸ்திரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியாசிட்டும் வந்தபின் அக்காற்றுச் சிகிச்சை மறைந்தது. சானட்டோரியமும் தன் அவசியத்தை இழந்தது. அதை நிறுவியது சென்னையிலே 1956இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ நிலையம். வறிய நோயாளரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும், சானட்டோரியத்தில் வைத்துக் கொடுத்தாலும், குணம் ஏறத்தாழ ஒன்றே என்று அங்கே நடந்த ஆய்வு 1959இல் எடுத்துக் காட்டியது. வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடவுமில்லை. தமிழ் மக்களின் ஒடுங்கிய வீடுகளிற் பிறந்த அவ்வுண்மை உலகத்து வைத்திய முறையையே மாற்றியது.

அன்பரின் மகனுக்குச் சளியையும் சோதித்தார்கள்; சயரோகம் இல்லை. எனினும், சோதித்தது நன்றே. நம் நாட்டில் அந்நோய் இன்னும் உண்டு. அதனாலும் சுவாசப்பை சுருங்குவதுண்டு. ஆஸ்துமா, நெடுநாட் புகைப்பழக்கத்தால் வரும் சுவாச அடைப்பு நோய் முதலியவற்றாலும் அவ்வாறு நேரும். அத்தகைய முதியோருக்கு இது இளைஞரைவிட அபாயமானது. ஒருவேளை சயரோகமே என்றாலும் குடி முழுகிவிடாது. அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் குணம்.

வைத்தியர் சுற்றி வந்தபோது இளைஞனிடம் ஒரு கேள்வி கேட்டார்: “சிகரெட் உண்டா?” இளைஞன் தந்தையைப் பார்த்தான். தந்தை சாளரத்தைப் பார்த்தார். வைத்தியர் அனுபவமுடையவர், விடைக்குக் காத்திராமல் அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிட்டார். அன்று மாலை மகனே உண்மையைக் கூறினானாம். முதலாம் ஆண்டிலிருந்து நாளொன்றுக்கு ஏழெட்டு. பரீட்சைக் காலத்தில் அதற்கும் மேல். புகைக்கும் ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்புப் புகையாதோரைவிட ஏறத்தாழ இருபது மடங்கு என்று சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. கஞ்சாப் புகையும் நல்லதன்று. ஒருமுறை வந்தவருள் மூவரில் ஒருவருக்கு மீண்டும் வரக்கூடும், அதுவும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே. அதைக் குறைக்க நோயாளியின் கையில் உள்ள ஒரே வழி புகையை விடுவதுதான். மீண்டும் மீண்டும் வந்தால், அல்லது காற்றுக் கசிவு நில்லாவிட்டால், சிறு துவாரங்கள் வழியே கருவியைச் செலுத்திக் கொப்புளத்தை வெட்டி, இரு சவ்வுகளையும் ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு.

மகன் கூறியதைக் கேட்ட தந்தை கோபித்துக்கொள்ளவில்லை. “இவன் பிறந்த ஆண்டுதான் நான் விட்டேன். இவனிடம் அதைச் சொன்னதேயில்லை” என்று எம்மிடம் கூறிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

கண்டிப் பகுதி வாசகர்களுக்கு இன்னுமொன்று. இந்நோய் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. அக்குறணையிலும் மாத்தளை வழியிலும் வீட்டுத் தோட்டங்களில் மிளகு பறிக்கவும், கராம்பு கொய்யவும், கித்துள் சீவவும் மரமேறுவோர் பலர். தவறி விழுந்து விலா எலும்பு முறிந்தால், அதன் முனை சுவாசப்பையைக் கிழித்துவிடக் கூடும். கடுகண்ணாவைப் பாதை போன்ற இடங்களில் வாகனம் மோதினாலும் அப்படியே. சில வேளை துளை ஒருவழிக் கதவைப் போலாகிவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே வரும், வெளியே போகாது. அழுக்கம் ஏறி, இதயத்துக்கு இரத்தம் திரும்புவதையே தடுத்துவிடும். மூச்சுத் திணறல் நிமிடத்துக்கு நிமிடம் கூடுதல், நாடி மிக விரைதல், உதடு நீலம் பாரித்தல், மயக்கம் என்பன கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நோயாளிக்கு எந்த நிலையில் மூச்சு இலகுவோ அந்நிலையில், பெரும்பாலும் சாய்ந்து உட்கார்ந்தபடி, இருக்க விட வேண்டும். நெஞ்சைச் சுற்றித் துணியால் இறுகக் கட்டலாகாது. நெஞ்சிலே குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது. திறந்த காயத்தைக் காற்றுப் புகாவண்ணம் அடைக்கவும் கூடாது. ஊசியாற் காற்றை வெளியேற்றுவது வைத்தியரின் வேலை. திரைப்படத்திற் கண்டதை எவரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் போத்தலிற் குமிழி நின்றது. மறுநாட் படத்தில் சுவாசப்பை நெஞ்சுக்கூட்டை நிறைத்திருந்தது. அதற்கடுத்த நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். விரியும்போது இருமலும் வலியும் இருந்தனவாம். குழாய் வைத்ததைவிட அதுவே தனக்குக் கடினமாயிருந்தது என்றான் இளைஞன். இப்போது அவன் கட்டுகஸ்தோட்டையில் சிற்றன்னையார் வீட்டில் இருக்கிறான். பாடங்களைத் தொடங்கிவிட்டான்; படிகளை ஒவ்வொன்றாகவே ஏறுகிறான். அடுத்த எக்ஸ்ரே படம் தெளிவாயிருந்தால் றம்பொடை வழியே வீடு செல்லலாம். தை மாதத்துக்கு நாள் இருக்கிறது. சிகரெட் எப்படி என்று கேட்டோம். “இன்றோடு பத்தொன்பது நாள்” என்றான். எண்ணுவது நல்ல அறிகுறியா, அல்லவா என்று எமக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் அன்பர் தாமே சென்று எல்லாவற்றையும் கூறிவிட்டார். அவர்கள் கேட்டது, தம்பியால் கலியாணத்தன்று வாசலில் நின்று வரவேற்க முடியுமா என்பது ஒன்றே. முடியும் என்று எழுதியிருக்கிறோம்.

வத்தேகம வாசகியார் கேட்டிருந்த, குழந்தைகளின் குடற்புழு பற்றிய கேள்விக்கு அடுத்த கிழமை விடையளிப்போம்.